முதுகை அளந்து வாங்கின மைனா

வந்தாச்சா எல்லாரும்? உக்காருங்க மக்கா. கதை கேக்குறதுக்குக் காதைத் திறக்கணும். உங்க கூட்டத்துல வாயைத் திறக்குற ஆளுங்கதான் அதிகம். அந்தா, சுவத்துல சாஞ்சிருக்கிற மாமா, போன தடவை சிங்கம் வர்றதுக்குள்ள குறட்டை விட்டீங்க. இந்தக் கதையில சிங்கமே கிடையாது, நிம்மதியாத் தூங்குங்க. பசங்களா, முன்னாடி வாங்க. நடுவுல எவனாவது "மைனா எப்படிண்ணே பேசும்"னு கேட்டான்னா, மீதிக் கதையை அவனையே சொல்லச் சொல்லிட்டு நான் டீ குடிக்கப் போயிருவேன்.

ஒரு காடு. நடுவுல ஒரு ஆறு. இந்தக் கரையில தாழக்காடு, அந்தக் கரையில மேட்டுக்காடு. மழை பிடிச்சா தாழக்காடு தண்ணியில முங்கிரும். அதுக்கு முன்னாடி எல்லா மிருகமும் ஆத்தைக் கடந்து மேட்டுக்காட்டுக்குப் போயிரணும்.

எந்தத் துறையில கடக்குறது, எந்தக் குட்டையில யார் தண்ணி குடிக்கிறது, ஒரு வழியை அடைச்சா இன்னொரு வழிக்கு என்ன ஆகும், இதையெல்லாம் யோசிக்க ஒரு குழு இருந்துச்சு. வழிக்குழுன்னு பேரு. தலைவி ஒரு யானை. எல்லாரும் பெரியம்மான்னு கூப்பிடுவாங்க. அடுத்தது காட்டெருமை. உடம்பு பாறை மாதிரி, கோவம் மூக்கு நுனியில. அப்புறம் ஒரு முள்ளம்பன்றி, ஒரு மந்தி. கடைசியா நம்ம உடும்பு.

உடும்பு குழுவுல சேந்து கொஞ்ச காலம்தான். நல்ல பையன். என்ன, ஒண்ணைப் பிடிச்சா விடாது. தப்பான கிளையைப் பிடிச்சாலும் விடாது.

போன கோடையில ஒரு கூத்து நடந்துச்சு. பாறை உருளுதுன்னு காட்டெருமை ஒரு வழியை அடைச்சுது. அடைச்சதுல தப்பில்ல. ஆனா மான்கூட்டம் அந்த வழியிலதான் தண்ணிக்குப் போகும்னு மந்திக்கு மட்டும்தான் தெரியும். மந்தி அன்னிக்குக் கூட்டத்துக்கு வரல. வழி அடைச்சிருக்கேன்னு மான்கள் சுத்திக்கிட்டுப் போச்சு. போய் நேரா புலி படுத்திருந்த புதர் வாசல்ல நின்னுச்சு. அன்னிலேர்ந்து மான்கூட்டம் கொஞ்சம் சின்னக் கூட்டம்.

பெரியம்மா குழுவைக் கூட்டுச்சு. "ஆளுக்கொரு காட்டை மண்டைக்குள்ள வெச்சுக்கிட்டுச் சுத்துறோம். எல்லாருக்கும் சேத்து ஒரே ஞாபகம் வேணும்"னு சொல்லுச்சு.

அந்தப் பேச்சு காத்துல போச்சோ என்னவோ, மறுநாளே கரிச்சான் குருவி வந்து இறங்குச்சு. ரெட்டை வாலு, எண்ணெய் தடவின மாதிரி கறுப்பு. அதுக்கு ஒரு வித்தை தெரியும். யார்கிட்ட பேசுதோ, அவங்க குரல்லயே பேசும். பெரியம்மாகிட்ட பெரியம்மா குரல், காட்டெருமைகிட்ட காட்டெருமை குரல். கேக்குறவங்களுக்குத் தானே யோசிச்சுத் தானே சொல்லிக்கிட்ட மாதிரி இருக்கும். தன் பேச்சைத் தானே எவன் மறுப்பான்?

"என்கிட்ட மைனாக்கூட்டம் இருக்கு. அதுங்கதான் உங்க ஞாபகம்"னு சொல்லுச்சு கரிச்சான். "சாயங்காலம் மருதமரத்துல கூடிக் கத்துதே, அதைச் சண்டைன்னு நினைச்சீங்களா? சண்டை இல்ல. பகல்ல யார் யார் என்ன சொன்னாங்கன்னு ஒண்ணுக்கொண்ணு ஒப்பிச்சுக்குதுங்க. விடிஞ்சா எல்லா மைனாவுக்கும் ஒரே ஞாபகம். ஒண்ணுகிட்ட சொன்னா எல்லாத்துகிட்டயும் சொன்ன மாதிரி."

"கூலி?"னு கேட்டுச்சு பெரியம்மா.

"அத்திப்பழம்தான். இதுல ரெண்டு சாதி இருக்கு. சொல்லு மைனா, கேளு மைனா. சொல்லு மைனாகிட்ட நீங்க சொன்னா ஞாபகத்துல சேரும், கேட்டாலும் பதில் வரும். கேளு மைனாகிட்ட கேக்க மட்டும்தான் முடியும். சொல்லு மைனாவுக்கு வயிறு பெருசு. அது ஒண்ணு தின்னுறதை வெச்சு ஒரு கிளை நிறைய கேளு மைனாவை வளத்துரலாம்."

பெரியம்மா ஆத்தங்கரை அத்திமரத்தைப் பாத்துச்சு. "அந்த ஒரு மரம்தான் குடுக்க முடியும். மத்த மரமெல்லாம் காட்டுக்குச் சோறு."

அப்புறம் உடும்பைத் தனியாக் கூப்பிட்டுச்சு. "தம்பி, எது எத்தனை வேணும்னு நீ பாத்து முடிவு பண்ணு. என் தங்கச்சி மக நிறைமாசமா இருக்கா. மழைக்கு முன்னாடி குட்டி போட்டுருவா. தெக்குத்துறையில கரை அரிச்சுக்கிட்டு வருது. இந்த வருஷம் துறையை மாத்தவேண்டி வரும். மாத்தினது அவளுக்குத் தெரியணும். அந்தக் குட்டி பத்திரமாக் கரையேறணும். அதுக்குத்தான் இவ்வளவும். குழப்பிறாத."

"சரி பெரியம்மா"ன்னுச்சு உடும்பு. அதுக்கு அப்பவே குழப்பமாத்தான் இருந்துச்சு.

கரிச்சான்கிட்ட போச்சு. "சொல்லு, கேளு, ரெண்டு சாதிதானே?"

"ஆமா. ஆனா முதுகு மைனாவா, கிளை மைனாவா?"

"அது என்னது?"

"முதுகு மைனா ஒருத்தர் முதுகுலயே இருக்கும். அவருக்கு மட்டும்தான் பேசும். கிளை மைனா ஒரு கிளையில இருக்கும். யார் வந்தாலும் பேசும். முன்னாடி ஒருத்தர் பேசிக்கிட்டிருந்தா, அவர் முடிக்கிற வரைக்கும் நீ காத்திருக்கணும், அவ்வளவுதான்."

"அப்போ மொத்தம் நாலு சாதியா?"

"சாதி ரெண்டு. இருக்கிற விதம் ரெண்டு."

"ரெண்டும் ரெண்டும் நாலுதானே?"

"கூட்டினாத்தான் நாலு. நீ ஏன் கூட்டுறே?"

உடும்பு நாக்கை ரெண்டு தடவை வெளிய நீட்டி உள்ள இழுத்துக்கிச்சு. மண்டைக்குள்ள ஒரு மரங்கொத்தி வேலை பாக்குற மாதிரி இருந்துச்சு.

"அதை விடு. எத்தனை வேணும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

கரிச்சான் இப்போ உடும்போட குரலுக்கு மாறுச்சு. "ஒரு முதுகுல எத்தனை உக்காரும்னு பாத்தாப் போச்சு."

உடும்புக்கு அது தனக்கே தோணின மாதிரி இருந்துச்சு. அட, இவ்வளவு சுலபமா? இதுக்கா இவ்வளவு குழம்பினேன்?

வாலைத் தூக்கிக்கிட்டு அளக்கக் கிளம்பிருச்சு.

முதல்ல காட்டெருமை. வாலை நீட்டி நீட்டி, திமிலேர்ந்து வால் வரைக்கும் அளந்துச்சு. "அண்ணே, உங்க முதுகு பெரிய மைதானம். நிறைய உக்காரும். கேளு மைனாவாப் போட்டுரட்டா?"

காட்டெருமை திரும்பிப் பாத்துச்சு. "என்னைப் பாத்தா கேக்குறவன் மாதிரியா தெரியுது?"

"இல்லண்ணே..."

"இந்தக் காட்டுல நான் யாரையாவது வழி கேட்டுப் பாத்திருக்கியா? நான் சொல்றவன்டா. எனக்கு எல்லாமே சொல்லு மைனாதான். பெரியம்மாவுக்கு எத்தனையோ அதுல ஒண்ணு கொறஞ்சாலும் மரியாதை இல்ல, ஆமா."

உடும்பு தலையாட்டுச்சு. காட்டெருமை முதுகு நிறைய சொல்லு மைனா.

அடுத்தது மந்தி. "எருமைக்குச் சொல்லு மைனா, எனக்குக் கேளு மைனாவா? என்னைவிட ஜாஸ்தி சொல்ற ஆளு இங்க யாரு இருக்கா?"ன்னுச்சு. அது உண்மைதான். மந்திக்கும் சொல்லு மைனா.

முள்ளம்பன்றிகிட்ட வந்தப்போ சிக்கல். முதுகெல்லாம் முள்ளு, மைனா எங்க உக்காரும்? "உங்களுக்கு வேணாம்ணே"ன்னு உடும்பு சொன்னதுதான் தாமதம், முள்ளெல்லாம் சிலிர்த்துக்கிச்சு. "எனக்கு முதுகு இல்லையா? குழுவுல நான் இல்லையா? வெளியில நாலு பேர் என்ன நினைப்பாங்க?" கடைசியில முள்ளு முனையில ஒரு சுரைக்காயைச் செருகி, அது மேல ஒரு சொல்லு மைனாவை உக்கார வெச்சாங்க. ரெண்டு பேரும் அசையாம நடந்து பழகினாங்க.

இப்படி அளந்துக்கிட்டு வரும்போது வழியில பெரியம்மாவோட தங்கச்சி மக நின்னுச்சு. வயிறு தரையைத் தொடுற மாதிரி இருந்துச்சு.

"என்ன தம்பி, வாலை நீட்டிக்கிட்டு எதை அளக்குறே?"

"குழு வேலை, அக்கா. உங்களுக்குப் புரியாது."

"உனக்குப் புரியுதா?"

"அளந்து முடிச்சதும் புரிஞ்சுரும்"னு சொல்லிட்டு உடும்பு அவ முதுகைத் தாண்டிப் போயிருச்சு. எவ்வளவு பெரிய முதுகு. ஆனா அவ குழுவுல இல்லையே.

பெரியம்மா முதுகு நிறைஞ்சுச்சு. உடும்பும் தனக்கு ஒண்ணு வெச்சுக்கிச்சு. அதோட அத்திமரம் காலி.

"கேளு மைனா ஒண்ணுகூட வேணாமா?"ன்னு கரிச்சான் கேட்டுச்சு.

உடும்பு யோசிச்சுச்சு. "அதை யாருக்குக் குடுக்குறது?"

"அதானே. யாருக்குக் குடுக்குறது?"ன்னுச்சு கரிச்சான், அதே குரல்ல. "மழைக்காலம் முடியிற வரைக்கும் இதுதான் பேச்சு. நடுவுல மாத்த மாட்டேன். சரிதானே?"

"சரிதானே"ன்னு உடும்பும் சொல்லுச்சு. யார் யாருக்குச் சொன்னாங்கன்னே அதுக்குத் தெரியல.

முதல் சில நாள் எல்லாருக்கும் பெருமை தாங்கல. காட்டெருமை நடந்து போனா மேல ஒரு கூட்டமே கூட வரும். எல்லாரும் சொன்னாங்க. சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அங்கதான் வினை பிடிச்சுது.

சொல்லு மைனாவுக்கு எது சேதி, எது முனகல்னு தெரியாது. காதுல விழுந்ததெல்லாம் ஞாபகம். முள்ளம்பன்றி எதையோ தின்னுட்டு "அய்யோ, வயித்தை வலிக்குதே"ன்னுச்சு. அதுவும் சேந்துச்சு. காட்டெருமை தினமும் ஒரே கல்லுல இடறி "இந்தக் கல்லை எடுங்கடா"ன்னு கத்துச்சு. அதுவும் சேந்துச்சு. மந்தி பொழுதுபோகாம, வடக்குக் குட்டையில முதலை பறந்துச்சுன்னு ஒரு புளுகு விட்டுச்சு. அது நல்லாவே சேந்துச்சு.

ஒருநாள் உடும்பு தன் மைனாகிட்ட, "வடக்குக் குட்டையில தண்ணி இருக்கா?"ன்னு கேட்டுச்சு.

"இருக்கு. முதலை பறக்குது. கல்லை எடு. முள்ளம்பன்றிக்கு வயித்துவலி."

"எந்தக் கல்லு?"

"கல்லை எடு."

"வயித்துவலி இன்னிக்கா, போன வாரமா?"

"முள்ளம்பன்றிக்கு வயித்துவலி."

உடும்பு நேரா கரிச்சான்கிட்ட ஓடுச்சு. "சொல்லு மைனா கொஞ்சம் திருப்பிக்கோ. அதுக்குப் பதிலா கேளு மைனா குடு."

"மாத்தலாமே. மழைக்காலம் முடியட்டும்."

"மழைக்காலம் இன்னும் தொடங்கவே இல்லையே?"

"அதான் சொல்றேன், முதல்ல தொடங்கட்டும்"னு கரிச்சான் பறந்து போச்சு.

இதுக்கு நடுவுல குழு ஒரு நல்ல வேலையும் பண்ணுச்சு. பொய் சொல்லக் கூடாது. எல்லாரும் போய்த் தெக்குத்துறையைப் பாத்தாங்க. மேல பாத்தா கரை கல்லு மாதிரி இருக்கு. அடியில மண்ணெல்லாம் அரிச்சு, வெறும் கூடு. ஒரு யானை மிதிச்சா அப்படியே உள்ள போயிரும். "தெக்குத்துறை மூடியாச்சு. இனிமே எல்லாரும் மருதத்துறையில கடக்கணும்"னு பெரியம்மா சொல்லுச்சு. எல்லா மைனாவுக்கும் சொல்லியாச்சு. சாயங்காலம் மருதமரமே அதிர்ந்துச்சு.

காட்டெருமைக்கு மட்டும் பிடிக்கல. கூட்டத்துல ஒண்ணும் பேசல. அப்புறம் நிழல்ல படுத்து அசை போடும்போது முனகிக்கிட்டே இருந்துச்சு. "எங்க அப்பன் பாட்டனெல்லாம் தெக்குத்துறையிலதான் கடந்தாங்க. தெக்குத்துறைதான் துறை. மத்ததெல்லாம் துறையா?" முதுகுல இருந்த அத்தனை மைனாவும் தலையைச் சாச்சுக் கேட்டுக்கிச்சு.

தங்கச்சி மக குட்டி போட்டா. குண்டுக் குட்டி. நாலு காலும் நாலு திசைக்குப் போகும். தும்பிக்கை தன்னோடதுன்னே அதுக்குத் தெரியாது, அதுமேலயே மிதிச்சு விழும். நாள் பூரா உடும்போட வாலைப் பிடிச்சு இழுக்குறதுதான் அதுக்கு வேலை. உடும்பும் கோவிச்சுக்கிற மாதிரி கோவிச்சுக்கும், இழுக்க விட்டுட்டு நிக்கும்.

மழை எல்லாரும் நினைச்சதுக்கு முந்தியே வந்துருச்சு.

மலைப்பக்கம் வானம் கறுத்ததும் பெரியம்மா மத்த யானைகளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புச்சு. மேட்டுக்காட்டுல சரிவு எப்படி இருக்குன்னு முன்னாடி போய்ப் பாக்கணும். "குட்டி நடக்குற வேகத்துக்கு நீ பின்னாடி மெதுவா வா"ன்னு தங்கச்சி மககிட்ட சொல்லிட்டுப் போச்சு. எந்தத் துறையில வரணும்னு சொல்லல. எதுக்குச் சொல்லணும்? அதான் மைனாவுக்குச் சொல்லியாச்சே. மைனாவுக்குச் சொன்னா எல்லாருக்கும் சொன்ன மாதிரிதானே?

உடும்பு அப்போ அந்தப் பக்கம், மேட்டுக்காட்டுக் கரையில இருந்துச்சு. மழை சாத்து சாத்துன்னு சாத்துது. ஆறு செம்மண்ணாப் பொங்குது. காட்டெருமை கரையோரம் நின்னு புல்லு மேஞ்சுக்கிட்டிருந்துச்சு. முதுகு நிறைய மைனா, நனைஞ்ச துணி மாதிரி.

எதிர்க்கரையில ஏதோ பெருசா அசைஞ்சுது. உடும்பு கழுத்தைத் தூக்கிப் பாத்துச்சு. தாய் யானை. வாலைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால குட்டி. நேரா தெக்குத்துறையைப் பாத்துப் போறாங்க.

உடும்புக்கு முதல்ல ஒண்ணுமே புரியல. ஏன் அங்க போறாங்க? மூடியாச்சே. எல்லாருக்கும் தெரியுமே. காட்டெருமைக்குத் தெரியும், மந்திக்குத் தெரியும், முள்ளம்பன்றிக்குத் தெரியும். சுரைக்காய் மேல இருக்கிற மைனாவுக்குக்கூடத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?

அப்புறம்தான் உறைச்சுது. அவ யார்கிட்ட கேப்பா? அவ கேக்குறதுக்குக் காட்டுல ஒரு மைனாகூட இல்லையே.

"அக்கா, அங்க போகாதீங்க"ன்னு உடும்பு கத்துச்சு. உடும்புக்கு ஏது குரலு? புஸ்ஸுன்னு காத்துதான் வந்துச்சு. அதாவது கத்தட்டும்னு, எந்தத் துறைன்னு தன் மைனாகிட்ட கேட்டுச்சு. அது ஒத்தை மைனா. அதோட கீச்சு மழையில கரைஞ்சு போச்சு. நீந்திப் போகலாம்னா, போய்ச் சேர்றதுக்குள்ள அவ கரையில கால் வெச்சிருவா.

உடும்பு காட்டெருமைகிட்ட பாஞ்சுச்சு. "அண்ணே, அங்க பாருங்க."

காட்டெருமை பாத்துச்சு. பதறிப்போய் அடித்தொண்டையில ஒரு சத்தம் விட்டுச்சு. எதிர்க்கரைக்கு அது வெறும் உறுமலாத்தான் கேட்டுச்சு. எருமை எதுக்கோ கோவமா இருக்கு, சீக்கிரம் போயிரணும்னு நினைச்சு தாய் யானை நடையை எட்டிப் போட்டா.

"அண்ணே, உங்க குரல் போதாது. மைனா குரல் ஊசி மாதிரி, மழையைத் துளைச்சுக்கிட்டுப் போகும். உங்க முதுகுல அத்தனை இருக்கு, ஒண்ணாக் கத்தினா அவளுக்குக் கேக்கும். எந்தத் துறைன்னு அதுங்ககிட்ட கேளுங்க."

"நான் எதுக்குக் கேக்கணும்? எனக்குத்தான் தெரியுமே."

"உங்களுக்குத் தெரியும்ணே. அவளுக்குத் தெரியாது."

"அப்போ நீ கேளு."

"அது உங்க முதுகு மைனா. உங்களுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்."

காட்டெருமை முகத்தைத் திருப்பிக்கிச்சு. "டேய், இந்தக் காடு முழுக்கப் பாத்துக்கிட்டிருக்கு. காட்டெருமை வழி கேட்டான்னு நாளைக்குப் பேசுவாங்க."

உடும்பு எகிறி, காட்டெருமையோட வாலைக் கவ்விக்கிச்சு. உடும்பு கவ்வினா எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா? காட்டெருமை குதிச்சுது, உதைச்சுது, ஒரு சுத்து சுத்துச்சு. மைனாக்கள் மேல எழும்பி மறுபடி உக்காந்துச்சு. உடும்பு விடல.

"கேக்குறேன்டா, கேட்டுத் தொலையிறேன். விடு." அப்புறம் யாருக்கும் கேக்காத மாதிரி, கீழ புல்லைப் பாத்துக்கிட்டு, "எந்தத் துறை?"ன்னுச்சு.

அத்தனை மைனாவும் ஒரே நேரத்துல கத்துச்சு. "தெக்குத்துறைதான் துறை! தெக்குத்துறை மூடியாச்சு! மருதத்துறையில கட! மத்ததெல்லாம் துறையா! கல்லை எடு! முள்ளம்பன்றிக்கு வயித்துவலி!"

எதிர்க்கரையில தாய் யானை நின்னுட்டா. காதை விரிச்சுக் கேட்டா. தெக்குத்துறைதான் துறைங்குது. மூடியாச்சுங்குது. வயித்துவலிங்குது. இதுல எதை நம்புறது? முன்னங்காலைத் தூக்கினா. வெச்சா. பின்னால பாத்தா. தாழக்காட்டுல தண்ணி ஏறிக்கிட்டே வருது.

குட்டி அவ பக்கவாட்டுல முன்னாடி வந்து கரை விளிம்புல நின்னுச்சு. விளிம்புல ஒரு கட்டி மண்ணு பொலபொலன்னு உதிர்ந்துச்சு. குட்டியோட ஒரு கால் சறுக்குச்சு. தாய் தும்பிக்கையால வளைச்சுப் பிடிச்சா.

உடும்பு வாலை விட்டுருச்சு. "அண்ணே, தெக்குத்துறைதான் துறைன்னு மைனாகிட்ட யாரு சொன்னது?"

  காட்டெருமை அந்தக் குட்டியையே பாத்துச்சு.

அப்புறம் தலையை நிமித்தி, காடு முழுக்கக் கேக்குற மாதிரி சொல்லுச்சு. "நான்தான் சொன்னேன். அது தப்பு. அசை போடும்போது வீம்புக்கு முனகினது. அதை எடுத்துருங்க. கல்லையும் எடுத்துருங்க. அவன் வயித்துவலியையும் எடுத்துருங்க. இப்போ சொல்லுங்க, எந்தத் துறை?"

"மருதத்துறை! மருதத்துறை! மருதத்துறை!"

வேற ஒரு வார்த்தை கலக்கல. தாய் யானை குட்டியை உள்பக்கமா இழுத்துக்கிட்டுத் திரும்பினா. அவ கொஞ்ச தூரம்தான் போயிருப்பா. பின்னால தெக்குத்துறைக் கரை பெருமூச்சு விடுற மாதிரி ஒரு சத்தம் போட்டுட்டு மொத்தமா ஆத்துல இறங்குச்சு.

காட்டெருமை மேட்டுக்காட்டுக் கரையில அவளுக்கு நேரா நடந்துச்சு. நடக்க நடக்கக் கேட்டுக்கிட்டே வந்துச்சு. "எந்தத் துறை?" "மருதத்துறை!" "எந்தத் துறை?" "மருதத்துறை!" அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு மானு வந்துச்சு, முயல் வந்துச்சு, வழி தெரியாமத் தவிச்சதெல்லாம் வந்துச்சு. மருதத்துறையில அடி கெட்டிப் பாறை. குட்டி தாயோட வயித்துக்கு அடியில ஒண்டிக்கிட்டு, தும்பிக்கையை மட்டும் மேல நீட்டிக்கிட்டுக் கரையேறுச்சு. ஏறினதும் தன் தும்பிக்கையைத் தானே மிதிச்சு விழுந்துச்சு.

மழைக்காலம் முடிஞ்சதும் கரிச்சான் வந்துச்சு. "அடுத்த தடவைக்கு எத்தனை முதுகு?"

இந்தத் தடவை உடும்பு வாலை எடுத்துக்கிட்டுப் போகல. ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் உக்காந்துச்சு. மான்கிட்ட, முயல்கிட்ட, தாய் யானைகிட்ட. "நீங்க எதைக் கேக்கணும்? எங்க நிக்கும்போது கேக்கணும்?" கேட்டு முடிச்சப்போ அதுக்கே ஆச்சரியம். வழியை உண்மையிலயே மாத்துற ஆளு ரெண்டு மூணு பேருதான். அவங்களுக்கு மட்டும் சொல்லு மைனா. மீதி அத்திப்பழம் முழுக்கக் கேளு மைனாவுக்கு. அதுவும் முதுகுல இல்ல, துறைக்குத் துறை கிளையில. யார் வந்தாலும் கேட்டுக்கலாம். முள்ளம்பன்றி ஒரு வாரம் யார்கூடயும் பேசல. சுரைக்காயை மட்டும் கழட்டவே இல்ல.

பெரியம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு உடும்பைக் கூப்பிட்டுச்சு. "அந்தக் கரிச்சான் உன்னை ஏமாத்திட்டான்னு காட்டெருமை சொல்றான். அப்படியா?"

உடும்பு நாக்கை நீட்டி இழுத்துக்கிச்சு. கரிச்சான் மேல போட்டுரலாம். காட்டெருமையோட வீம்பு மேலயும் போடலாம். பெரியம்மா மேலயேகூடக் கொஞ்சம் போடலாம், அவங்களும்தான் சொல்லாமப் போனாங்க.

"இல்ல பெரியம்மா. தப்பு என்னுது. உங்க தங்கச்சி மக வழியில நின்னு என்னைக் கேட்டா. நான் அவளை ஒரு வார்த்தை கேக்கல, தாண்டிப் போயிட்டேன்."

மக்கா, எதை வாங்கினாலும் யார் பெரிய ஆளுன்னு பாத்து வாங்காதீங்க, அது யாருக்குத் தேவையோ முதல்ல அவங்ககிட்டயே கேட்டு வாங்குங்க.